போனஸ் இன்று, நஷ்டம் நாளை

வைப்புநிதியைப் புதுப்பிக்க வங்கிக்கு வந்த ஓய்வூதியக்காரர் கையில் இன்ஷூரன்ஸ் பாலிசியுடன் திரும்புகிறார். விற்ற அதிகாரிக்கு அந்த மாத 'டார்கெட்' முடிந்தது. அடுத்த வருட பிரீமியத்துக்கு நோட்டீஸ் வரும்போதுதான் பெரியவருக்கு விஷயம் புரியும். அதற்குள் அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார். இந்த மாதிரி விற்பனையை 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே கண்டித்தார்.

நிதித் துறையில் ஈட்டித் தரும் வருமானத்துக்கு ஏற்பச் சம்பளம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உழைப்பவருக்கும் ஒப்பேற்றுபவருக்கும் ஒரே சம்பளம் என்றால் யாருக்கு வேலை ஓடும்? சிக்கல், எதை வருமானம் என்பது என்பதில். கடன் கொடுத்த அன்றே கட்டணம் வரவாகிவிடும். அது வாராக்கடன் என்று தெரியச் சில வருடங்கள் பிடிக்கும்.

2020 நவம்பரில் கையெழுத்தான 11வது இருதரப்பு ஒப்பந்தம் பொதுத் துறை வங்கி ஊழியர்களுக்கு ஊக்கத் தொகையைக் கொண்டுவந்தது. செயல்பாட்டு லாபம் 5 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தால் 5 நாள் சம்பளம். 15 சதவீதத்தைத் தாண்டினால் 15 நாள். செயல்பாட்டு லாபம் என்பது வாராக்கடனுக்கு ஒதுக்குவதற்கு முந்தைய கணக்கு! இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே அளவு என்பதால் அதற்காக யாரும் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுக்கப்போவதில்லை. பிறகு மத்திய அரசு உயர் அதிகாரிகளுக்கென்று தனித் திட்டம் வகுத்தபோது, ஊழியர்களைப் பிரிக்கும் வேலை இது என்று சங்கங்கள் கொதித்தன. 2025 மார்ச்சில் வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டு, கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டது.

தனி ஒருவர் காட்டும் லாபத்துக்குப் பரிசு கொடுத்தால் எதுவரை போகும் என்பதற்கு லண்டனின் பேரிங்ஸ் வங்கி சாட்சி. அதன் சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் காட்டிய லாபம் அபாரம். 1994ஆம் ஆண்டுக்கு அவருக்கு 4,50,000 பவுண்டு போனஸ் உத்தேசிக்கப்பட்டிருந்தது. நஷ்டமோ 88888 என்ற கணக்கில் பதுங்கியிருந்தது. வியாபாரமும் அவர் கையில், அதைச் சரிபார்க்கும் பிரிவும் அவர் கையில். மேலதிகாரிகளின் போனஸும் அந்த லாபத்தை நம்பியிருக்கும்போது யார் குடைந்து கேட்பார்கள்? 1995 பிப்ரவரியில் வங்கி கவிழ்ந்தது. நஷ்டம் 82.7 கோடி பவுண்டு. 233 வயது வங்கியை டச்சு நிறுவனமான ஐ.என்.ஜி. வாங்கிய விலை 1 பவுண்டு.

தனியார், வெளிநாட்டு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் விதித்த நிபந்தனைகள் இந்த நோய்க்கு ஓரளவு மருந்து. தலைமை அதிகாரிகளின் ஊதியத்தில் பாதியாவது செயல்திறனைப் பொறுத்தது. அதில் 60 சதவீதமாவது குறைந்தது மூன்று வருடங்களுக்குத் தள்ளிவைக்கப்பட வேண்டும். இடையில் கோளாறு வெளிப்பட்டால் பாக்கியை நிறுத்தலாம், கொடுத்ததையும் திரும்ப வாங்கலாம். கண்காணிப்புப் பிரிவினரின் சம்பளம் அவர்கள் கண்காணிக்கும் வியாபாரத்தைச் சார்ந்திருக்கக் கூடாது. வருமானத்தோடு சம்பளத்தை முடிச்சுப்போடுவதென்றால் இப்படிப் பொறுத்திருந்து போடுவதுதான் முறை.

ஆனால் தள்ளிவைப்பதும் திரும்ப வாங்குவதும் மேல்மாடிக்காரர்களுக்குத்தான். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரின் டார்கெட் மாதக் கடைசியிலேயே எண்ணப்படுகிறது.