வெள்ளாற்றங்கரையில் எண்ணெய் விலை

எண்ணெய் விலை விழுந்தால் இந்தியாவுக்கு லாபம் என்பது நம் நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் வேதவாக்கு. இறக்குமதிச் செலவு குறையும், அந்நியச் செலாவணி மிஞ்சும், விலைவாசி அடங்கும். கணக்கு அவ்வளவுதான். இந்தக் கணக்கில் 'இந்தியா' என்று ஒருமையில் வருகிற ஆசாமி யார்? திட்டக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று இதையே சொல்லிப் பாருங்கள். 'சவுதில வேல இல்லன்னு பையன் திரும்பி வந்துட்டான், நீங்க லாபங்கிறீங்களே' என்று கேட்க அங்கே ஆளிருக்கும்.

எண்ணெயை நம்பிய வளரும் பொருளாதாரம் என்றதும் நைஜீரியாவும் வெனிசுவேலாவும் நினைவுக்கு வரும். தப்பில்லை. 2014இல் தொடங்கிய சரிவின்போது வெனிசுவேலாவின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெய்தான். அந்நாடு பிறகு எங்கே போய் விழுந்தது என்பதை உலகம் பார்த்தது. நைஜீரியப் பொருளாதாரம் 2016இல் சுருங்கியது. கால் நூற்றாண்டில் அதுவே முதல்முறை. ஆனால் நாடு என்ற அலகை விட்டுவிட்டு ஊர் என்ற அலகை எடுத்துக்கொண்டால் வரைபடம் வேறு மாதிரி தெரியும். வெள்ளாற்றின் வடகரையில் திட்டக்குடி, தென்கரையில் லெப்பைக்குடிக்காடு, கிழக்கே போனால் லால்பேட்டை, பரங்கிப்பேட்டை. இந்த ஊர்களின் வீடு, மனை, கல்யாணம், கடைத்தெரு, பிள்ளைகளின் இன்ஜினியரிங் படிப்பு எல்லாவற்றிலும் வளைகுடாச் சம்பளம் கலந்திருக்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுவிட்டு, வெலிங்டன் ஏரி நிரம்புமா என்று வானத்தைப் பார்க்கிற பூமியில், மழையைக் கேட்காமல் வருகிற பணம் அது. எண்ணெய்க் கிணறு இல்லாத எண்ணெய்ப் பொருளாதாரம்.

அங்கே விழுந்தால் இங்கே ஏன் அடிபடுகிறது? எண்ணெயில் கிடைப்பது வெறும் லாபமல்ல, வாடகை. சவுதியில் ஒரு பீப்பாய் எண்ணெயை வெளியே எடுக்க ஆகிற செலவு சில டாலர்கள்தான். 100 டாலருக்கு விற்றால் மீதியெல்லாம் நிலத்தடியைச் சொந்தம் கொண்டாடுவதால் வருவது. நம்மூர் மிராசு, களத்துமேட்டில் குத்தகை நெல் அளந்து வாங்கியதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடில்லை. ஹொசைன் மஹ்தவி 1970இல் ஈரானை வைத்து 'வாடகை அரசு' என்ற கருத்தாக்கத்தை விளக்கினார். இப்படிப்பட்ட அரசு தன் குடிமக்களின் வரியை நம்பி இருப்பதில்லை. ஆகவே அவர்களுக்குக் கணக்குச் சொல்லவேண்டிய கட்டாயமும் அதற்குக் குறைவு. வாடகையைச் சம்பளமாக, மானியமாக, கட்டடமாகப் பங்கிடுகிறது. அந்தக் கட்டடத்தில் கம்பி கட்டுகிறவன் நம்ம ஆள்.

2014 ஜூனில் பீப்பாய் 115 டாலர். அமெரிக்கப் பாறை எண்ணெய் சந்தையில் குவிந்தது. அந்த நவம்பரில் உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று ஒபெக் முடிவெடுத்தது. 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்குக் கீழே. 2014வரை சவுதி அரசின் வருவாயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு எண்ணெயிலிருந்து வந்தது. 2015 பட்ஜெட்டில் 36,700 கோடி ரியால் துண்டு விழுந்தது. இதில் கவனிக்க வேண்டியது, எண்ணெய் எடுப்பது நிற்கவில்லை என்பது. முன்னைவிட அதிகமாகவே எடுத்தார்கள். நின்றது காண்ட்ராக்ட் பில். அரசு பெரிய காண்ட்ராக்டருக்குத் தராது, அவர் சப் காண்ட்ராக்டருக்குத் தரமாட்டார், அவர் ஆள் சப்ளை கம்பெனிக்குத் தரமாட்டார், கடைசியில் கேம்ப்பில் கிடக்கிறவனுக்குச் சம்பளம் இல்லை. 2016 கோடையில் ஜித்தா பக்கத்துக் கேம்ப்புகளில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளிகள் சம்பளமும் சாப்பாடும் இல்லாமல் கிடந்தார்கள். இந்தியத் துணைத் தூதரகம் அரிசி பருப்பு கொடுக்க வேண்டியிருந்தது. ஹரீரி குடும்பத்தின் சவுதி ஓஜர் நிறுவனம் 2017 ஜூலையில் இழுத்து மூடப்பட்டது.

பத்திரிகைகளுக்கு வந்து சேர்ந்தது இந்த உச்சகட்டம் மட்டுமே. அதற்கு முந்தைய கட்டம் செய்தியாகாது. ஓவர்டைம் வெட்டுதான் முதலில் வரும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால், ஓவர்டைம் 400. சாப்பாடு, போன், சில்லறைச் செலவு 400 போகும். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனுக்கு மாதம் 600. மிச்சம் 400 வீட்டுக்கு. ஓவர்டைம் நின்றால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை என்று புள்ளிவிவரம் சொல்லும். வீட்டுக்கு வருவது முழுசாக நின்றுபோகும். நூத்துக்கு மூணு வட்டிக்கு எண்ணெய் விலை தெரியாது. இந்தியாவுக்கு வந்த மொத்தப் பணம் 2014இல் 7,000 கோடி டாலர், 2016இல் சுமார் 6,270 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்குக் காட்டியது. பத்து சதம்தானே என்கிறார்கள். அந்தப் பத்து சதம் எந்த வீட்டின் நூறு சதம் என்பது சராசரியில் தெரியாது.

இன்னொரு மறைப்பும் உண்டு. 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். ரூபாய் டாலரிடம் தோற்கும்போதெல்லாம் ரியாலுக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும். 2013 தொடக்கத்தில் ஒரு ரியால் பதினாலரை ரூபாயை ஒட்டி இருந்தது; 2016இல் ஏறக்குறைய பதினெட்டு. 'இப்ப நல்ல ரேட்டு' என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறோம். குறைவான ரியால், கூடுதலான ரூபாய். பாஸ்புக்கில் தொகை பழைய மாதிரியே தெரியும். அதே ரூபாய்க்குக் கிடைக்கிற செங்கல்லும் சிமெண்டும்தான் குறைந்திருக்கும்.

வீட்டில் அடுத்து நடப்பது நகை அடகு. இதை 'அறியாமை' என்று சேமிப்பு வகுப்பு எடுக்கிறவர்கள் 1991ஐ நினைத்துக்கொள்ளலாம். ஈராக் குவைத்துக்குள் புகுந்ததால் எண்ணெய் விலை ஏறியது, அங்கிருந்த ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களைப் போல விமானத்தில் கூட்டிவர வேண்டியிருந்தது, அனுப்புகிற பணமும் நின்றது. செலாவணி தீர்ந்துபோன இந்தியா சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளில் அடகு வைத்தது. அரசு செய்தால் சீர்திருத்தத்தின் தொடக்கம், திட்டக்குடி பெண் தாலிக்கொடியைக் கொண்டுபோய் வைத்தால் நிதி மேலாண்மை தெரியாதவள்!

சரி, விலை குறைந்ததன் லாபமாவது நமக்கு வந்ததா? 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் மத்திய அரசு எரிபொருள் மீதான கலால் வரியை ஒன்பது முறை ஏற்றியது: பெட்ரோலுக்கு லிட்டருக்கு 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு. அந்த வரி வசூல் 2014-15இல் சுமார் 99,000 கோடியாக இருந்தது, 2016-17இல் சுமார் 2,42,000 கோடி ஆனது. 2020இல் கொரோனா நேரத்தில் விலை தரைதட்டியபோது, மே மாதத்தில் ஒரே நாளில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றினார்கள். ஆக, சரிவின் நஷ்டம் சவுதியில் வேலை இழந்தவன் வீட்டுக்கு, லாபத்தின் பெரும்பகுதி டெல்லி கஜானாவுக்கு. அவன் ஊரில் உழுகிற டிராக்டருக்கு டீசல் பெரிதாக மலிந்துவிடவில்லை.

பணத்தோடு இது முடிவதில்லை. திட்டக்குடி தனித் தொகுதி. தலித் மக்கள் கணிசமாக வாழ்கிற பகுதி. லெப்பைக்குடிக்காட்டு முஸ்லிம்களுக்குச் சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று ஏற்கெனவே அங்கே காலூன்றியவர்களின் கை உண்டு. காலனியிலிருந்து போகிறவனுக்கு ஏஜெண்டும் கடனும்தான். ஆனாலும் போனான். ஏனெனில் அந்த ரியால் அவனை ஊர்த்தெருக்காரன் வயலில் போய் நிற்பதிலிருந்து விடுவித்தது. காலனியில் ஒரு மெத்தை வீடு எழும்புவது வெறும் கட்டடம் அல்ல, அதிகாரத்தின் மொழியில் ஒரு எதிர்ப்பேச்சு; அதனால்தான் அது கண்ணை உறுத்துகிறது. எண்ணெய் விலை விழும்போது கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கிறது அந்த வீடு. திரும்பி வந்தவன் பழைய வயலுக்கே கூலி கேட்டுப் போகிறான். 'என்னடா, துபாய்லாம் முடிஞ்சுதா?' இந்தக் கேள்வியின் விலையை எந்தப் பொருளாதார மாதிரியிலும் வைத்து அளக்க முடியாது.

விலை மறுபடி ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற சமாதானமும் செல்லாது. சரிவின்போது புகுத்தியவை விலையோடு சேர்ந்து கரைந்துவிடவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளிகளை அதிகமாக வைத்திருக்கும் கம்பெனி, ஆள் ஒன்றுக்கு மாதம் 400 ரியால் கட்ட வேண்டும் என்று 2018இல் சவுதி விதித்தது. 2020இல் அது 800. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு 2017 முதல் தலைக்கு இவ்வளவு என்று வரி; பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 5 சதமாகத் தொடங்கிய மதிப்புக் கூட்டு வரி 2020 ஜூலையில் 15 ஆனது. 2022இல் எண்ணெய் 100 டாலரைத் தாண்டியபோதும் அது 15தான்.

கேரளம் 1996இலேயே நோர்க்கா என்று தனித்துறை தொடங்கிவிட்டது. 1998 முதல் வீடு வீடாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். தமிழ்நாட்டில் வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் 2011இல் வந்தது, வாரியம் அமையப் பத்தாண்டு போல ஆயிற்று. மத்திய அரசின் குடிபெயர்வுப் பதிவோ பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டைத்தான் பிடிக்கும். பத்து தேறிவிட்டுக் கம்பி கட்டப் போகிறவன் அதில் வரமாட்டான். ஒரு கிராமத்தில் நாலு தோழர்கள் ஒரு வாரம் உட்கார்ந்தால் எடுத்துவிடக்கூடிய கணக்குதான் இது: யார் போனார், எவ்வளவு கடனில் போனார், எந்த வருஷம் திரும்பினார், சம்பள பாக்கி எவ்வளவு, இப்போது யார் நிலத்தில் வேலை செய்கிறார்.