ஆணியை ஒதுக்கும் கருவியால் பயனில்லை: மரம் அறுப்போர் உலோகம் காட்டும் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மறுநடவுக்காகச் சாய்க்கப்படும் பால்மரம் முன்பெல்லாம் அடுப்புக்கும் சூளைக்கும்தான் போனது. இன்று அதே கட்டை பலகையாகி, மூவார் வட்டாரத் தொழிற்சாலைகளில் நாற்காலியாகவும் மேசையாகவும் மாறி வெளிநாடு போகிறது. ஆனால் இருபத்தைந்து ஆண்டு பால் கொடுத்த மரம் வெறும் மரமாக ஆலைக்கு வருவதில்லை. பால் வடிவதற்காக அடித்த தகரம், மங்கைத் தாங்கிய கம்பி, மழைக்காப்பு பிளாஸ்டிக்கை இறுக்கிய ஊசி என்று பலவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு வருகிறது. பட்டை மூடிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது.

அந்தக் கட்டையைப் பட்டை ரம்பத்துக்குத் தள்ளும் தொழிலாளிக்கு இது சிறிய விஷயமல்ல. பெரிய ஆலைகளில் பட்டை ரம்பம் வினாடிக்கு சுமார் 40 மீட்டர் வேகத்தில் ஓடும். கணக்குப் போட்டால் மணிக்கு 144 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேகமே 110தான். அந்த வேகத்தில் ஓடும் பல் ஓர் ஆணியில் மோதினால் பல் உடையும். சில வேளைகளில் ரம்பமே அறுந்து பறக்கும். 1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு மர ஆலையில் இப்படித்தான் நடந்தது. கட்டைக்குள் இருந்த பெரிய ஆணியில் மோதி அறுந்த ரம்பம், அருகில் நின்ற 23 வயதுத் தொழிலாளியின் முகத்தைச் சிதைத்தது. அந்த ஆணி வேண்டுமென்றே அடிக்கப்பட்டது என்று சொல்லப்பட்டது. நம் கட்டைகளில் இருப்பவை யாரும் கெட்ட எண்ணத்தில் அடித்தவை அல்ல. ஆனால் அதைப் பார்த்து ரம்பம் இரக்கம் காட்டுவதில்லை.

ஆகவே அறுப்பதற்கு முன் உலோகம் காட்டும் கருவியால் கட்டையைத் தடவிப் பார்ப்பது நல்ல வழக்கம். சிறிய ஆலை வைத்திருப்பவர்களும், வீட்டோர மரங்களை வெட்டி லோரியில் ஏற்றும் குத்தகைக்காரர்களும், கோயில் கதவுக்காக ஒரு பழைய மரத்தை அறுக்க நினைக்கும் நிர்வாகத்தினரும் இன்று இணைய அங்காடியில் அப்படி ஒரு கருவியை எளிதாக வாங்கிவிடலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அங்கே விற்கப்படும் பெரும்பாலான கருவிகள் மரம் அறுப்பவருக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

புதையல் தேடுபவரின் கருவி

கடற்கரையிலும் பழைய வயல்களிலும் நாணயம், மோதிரம் தேடுபவர்களை மனத்தில் வைத்தே இந்தக் கருவிகள் வடிவமைக்கப்படுகின்றன. அவர்களுக்குத் துருப்பிடித்த ஆணி என்றால் தொல்லை. நூறு முறை குனிந்து நூறு ஆணியை எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் கருவிக்குள்ளேயே இரும்பை ஒதுக்கும் வசதி வைத்திருக்கிறார்கள். வெள்ளி நாணயம் என்றால் கணீரென்று ஒலிக்கும். இரும்பு என்றால் வாயை மூடிக்கொள்ளும். விலை கூடக் கூட இந்த ஒதுக்கும் திறமையும் கூடும்.

மரம் அறுப்பவருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். அவருடைய ரம்பத்துக்கு எதிரி இரும்புதான். செம்பு, அலுமினியம், ஈயம் போன்ற மென்மையான உலோகங்களை ரம்பப் பல் ஓரளவு வெட்டிக்கொண்டு போய்விடும். எஃகு ஆணியை அப்படிச் செய்ய முடியாது. எனவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும் நிலையில் அதை வைக்க முடியுமா என்பதுதான். பெரும்பாலான கருவிகளில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பயன்படுத்தினால் அந்த நிலை அணைந்திருக்கலாம். இதைக் கவனிக்காதவர்கள் ஆணி நிறைந்த கட்டையைத் தடவி, ஒலி வரவில்லை என்று நிம்மதியாக அறுக்கப் போவார்கள். கருவியே இல்லாமல் இருப்பதைவிட இது மோசம்; இல்லாதவராவது கொஞ்சம் பயந்து அறுப்பார்.

எவ்வளவு ஆழம் வேண்டும்?

விளம்பரத்தில் போட்டிருக்கும் ஆழம் பெரும்பாலும் ஒரு நாணயத்துக்கோ அதைவிடப் பெரிய பொருளுக்கோ சொல்லப்பட்டது. மெல்லிய கம்பிக்கு அது பொருந்தாது. கருவியின் சுருள் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்தில் அகப்படும் உலோகம் தன் பங்குக்கு ஒரு சிறு எதிரொலியைத் திருப்பி அனுப்புகிறது. போகும்போதும் அது வேகமாக மெலிகிறது, வரும்போதும் மெலிகிறது. சுருளிலிருந்து விலகி இருக்கும் சிறிய பொருளுக்குத் தொலைவு இரண்டு மடங்கானால், திரும்பி வரும் அடையாளம் பாதியாவதில்லை. 64ல் ஒரு பங்காகிவிடும். ஐந்து சென்டிமீட்டரில் தெளிவாகக் கேட்ட ஆணி பத்து சென்டிமீட்டரில் காணாமல் போவது இதனால்தான்.

அப்படியானால் நமக்கு உண்மையில் எத்தனை சென்டிமீட்டர் தேவை? பால்மரத்துக்கு இதைக் கணக்கிட்டே சொல்லலாம். மரத்தின் சுற்றளவு 45லிருந்து 50 சென்டிமீட்டர் ஆனதும் பால் வெட்டத் தொடங்குவது வழக்கம். சுற்றளவு 47 என்று வைத்துக்கொண்டால் மரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். வெட்டி வீழ்த்தும்போது அதே மரத்தின் சுற்றளவு 94 என்றால் குறுக்களவு 30. ஆகவே முதல் ஆண்டில் மரத்தைத் தொட்ட கம்பி இன்று மேற்பரப்பிலிருந்து சுமார் ஏழரை சென்டிமீட்டர் உள்ளே இருக்கும். பிற்காலத்தில் அடித்தவை இன்னும் மேலே இருக்கும். எனவே பால்மரக் கட்டைக்கு, ஒற்றை ஆணியை எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் காட்டும் கருவி போதும். கட்டையை உருட்டி எல்லாப் பக்கமும் தடவ வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கம்பி எந்த உயரத்தில் இருக்கும் என்பதும் தோட்டத்து மக்களுக்குத் தெரிந்ததுதான். முதல் வெட்டு தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். முதிர்ந்த மரத்தில் அதற்கு மேலேயும் வெட்டுவார்கள். மரம் வளர வளர ஆணியும் மேலே ஏறிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. மரம் நுனியில்தான் உயரமாகிறது. அடிமரம் பருக்க மட்டுமே செய்கிறது. ஒன்றரை மீட்டரில் அடித்த ஆணி முப்பது ஆண்டு கழித்தும் அதே ஒன்றரை மீட்டரில்தான் இருக்கும். ஆனால் அடிமரம்தான் பருமனானது, அதிகப் பலகை தருவது. அதனால் நல்ல கட்டையில்தான் ஆபத்தும் அதிகம்.

சாலையோர மரங்களின் கதை வேறு. நிலம் விற்பனைக்கு என்ற பலகை, வட்டி முதலைகளின் தொலைபேசி எண், துணி காயப்போடும் கம்பி, பிள்ளைகளின் ஊஞ்சல் சங்கிலி என்று எல்லாவற்றையும் ஒரு மரம் சுமக்கும். முனீஸ்வரன் சன்னிதியை ஒட்டிய மரமென்றால் மணி தொங்கவிட்ட ஆணியும், வேண்டுதலுக்கு அடித்த ஆணியும் சேரும். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள தூங்குமூஞ்சி மரத்தில் பழைய ஆணி 30 சென்டிமீட்டர் ஆழத்தில்கூட இருக்கலாம். கையில் பிடிக்கும் எந்தக் கருவியையும் நம்பி அந்த ஆழத்தில் உள்ள ஒற்றை ஆணியைத் தேட முடியாது. அங்கே செய்யக்கூடியது ஒன்றுதான். வெளிப்பக்கத்தைத் தடவி, ஒரு பலகை எடுத்து, புதிதாகத் திறந்த முகத்தை மறுபடி தடவி, பிறகு அடுத்த பலகை. நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் அப்படிப்பட்ட பெரிய மரத்தின் விலை அந்த நேரத்தைத் தாங்கும்.

எந்த வகை?

காவலாளி கையில் வைத்திருக்கும் தடி மலிவானது. பலகையின் மேலோட்டத்தைப் பார்க்க உதவும், முழுக் கட்டைக்குப் போதாது. விரல் நீளத்துக்குச் சற்றுப் பெரிதான கூர்முனைக் கருவியும் அப்படித்தான். அது சில சென்டிமீட்டர் ஆழமே பார்க்கும். ஆனால் பெரிய கருவி இந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று சொன்ன பிறகு, சரியாக எந்தப் புள்ளியில் உளி வைக்க வேண்டும் என்று காட்ட அதைவிட நல்லது இல்லை. இரண்டும் கையில் இருந்தால் வேலை பாதியாகும்.

முக்கியக் கருவி, நீண்ட கைப்பிடியும் வட்டச் சுருளும் உள்ளதாக இருக்கட்டும். சுருள் பெரிதாக இருந்தால் ஆழமாகப் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் சிறிய ஆணியைப் பொறுத்தவரை பெரிய சுருள் மந்தமாகிவிடும். பால்மரக் கட்டையின் வளைவுக்கு 20 சென்டிமீட்டர் அளவுள்ள சுருள் நன்றாகப் பொருந்தும். வி.எல்.எஃப். என்று குறிப்பிடப்படும் சாதாரண வகையே இந்த வேலைக்குப் போதும். பல்ஸ் இண்டக்‌ஷன் எனப்படும் மற்றொரு வகை உப்புநீரையும் இரும்புச் சத்துள்ள மண்ணையும் சமாளிப்பதில் கெட்டி. பொதுவாக இரும்பை ஒதுக்கவும் செய்யாது. கடல் நீரில் கிடந்த கட்டைகளை வாங்குபவர்கள் அதை யோசிக்கலாம்.

பல கருவிகள் அசைந்துகொண்டிருக்கும்போது மட்டுமே ஒலிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தி வைத்துக் காத்திருந்தால் ஒன்றும் கேட்காது. அசைக்காமலே ஒலிக்கும் நிலையும் சேர்ந்திருப்பது நல்லது. ஆலை வளாகத்தின் இரைச்சலில் பீப் ஒலி காதில் விழாது. ஆனால் காதுக்கருவி மாட்டிக்கொண்டு ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் நிற்பதும் ஆபத்து. விளக்கு எரிவதோ கைப்பிடி அதிர்வதோ உள்ள கருவி என்றால் இந்தத் தொல்லை இல்லை.

நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கட்டை அறுக்கும் ஆலைக்குக் கைக்கருவி சரிவராது. கட்டை ஓடும் பாதையையே சுற்றிப் பொருத்தும் நிலையான கருவிதான் அங்கே வழி. அதற்கு அருகில் பாதையின் ஒரு பகுதியை உலோகமில்லாமல் அமைக்க வேண்டியிருக்கும் என்பதால் செலவு கருவியோடு முடியாது.

எந்தக் கருவியானாலும், வாங்குமுன் கடைக்காரரின் பேச்சைவிட ஒரு மரத்துண்டு அதிகம் சொல்லும். ஈரம் காயாத பால்மரத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் முனைப்பக்கத்திலிருந்து நான்கு துளைகள் போட வேண்டும்: மேற்பரப்புக்குக் கீழே 2, 5, 8, 12 சென்டிமீட்டர் ஆழத்தில். தோட்டத்தில் கிடைக்கும் பழைய மங்குக் கம்பியையும் ஓர் ஆணியையும் ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றிச் செருகி, மேலே கருவியை ஓட்டிப் பார்க்கலாம். எட்டு சென்டிமீட்டர் துளையில் உள்ள ஆணிக்கு ஒலிக்காத கருவியைப் பால்மரத்துக்காக வாங்க வேண்டாம். கம்பிக்கு ஆணியைவிட மெல்லிய ஒலியே வரும். முழு வளையமாக இருக்கும் கம்பி நன்றாக ஒலிக்கும். அறுந்து கிடக்கும் துண்டுதான் ஏமாற்றும். இணையத்தில் வாங்குபவர்கள் திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. அதே துண்டை ஆலையில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் ஒருமுறை ஓட்டினால், பேட்டரி தீர்ந்திருப்பதும் தெரிந்துவிடும்.

தடவும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கட்டையைச் செம்மண் தரையில் போட்டுத் தடவக் கூடாது. நம் செம்மண்ணில் இரும்பு அதிகம், அதுவே பொய்யாக ஒலிக்க வைக்கும். இரண்டு மரத்தாங்கிகளின் மேல் ஏற்றி, ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுச் செய்ய வேண்டும். எஃகு முனை வைத்த பாதுகாப்புக் காலணியும் கைக்கடிகாரமும் ஒலி எழுப்பும். சுருளை மெதுவாக, ஒரு தடம் மற்றொரு தடத்தின் மேல் பாதி விழும்படி, முதலில் நெடுகிலும் பிறகு குறுக்கிலும் ஓட்டினால் தப்புவது குறையும்.

ஒலித்த இடத்தில் சாயம் பூசிவிட்டு என்ன செய்வது என்பது கட்டையின் விலையைப் பொறுத்தது. செங்கால் கட்டை என்றால் உளி வைத்துத் தோண்டி எடுக்கலாம். ஆறேழு அடிப் பால்மரக் கட்டை என்றால் அந்த ஓர் அடியை வெட்டி விறகில் போடுவதே லாபம்.

கருவிக்குக் கல்லும் பீங்கானும் தெரியாது. கண்தான் பார்க்க வேண்டும். பட்டையில் காரணமில்லாத புடைப்பு, கோடு போட்டது போன்ற தழும்பு, வெட்டுமுகத்தில் நீலமோ கறுப்போ ஆன திட்டு ஆகியவை உள்ளே ஏதோ இருப்பதற்கான அறிகுறிகள். பால்மரத்தில் பூஞ்சையாலும் நீலம் ஏறும் என்பதால் திட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

அந்தப் பூஞ்சைதான் ஆலைகளில் சோதனை கைவிடப்படுவதற்கும் காரணமாகிறது. பால்மரம் வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பூத்துக் கெடத் தொடங்கும். அதற்குள் அறுத்து மருந்தேற்றிவிட வேண்டும். லோரி தாமதமாக வந்த நாளில் முதலில் விடுபடுவது, கட்டைக்கு ஓரிரு நிமிடம் பிடிக்கும் இந்தத் தடவல்தான். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான வேலைமுறையை ஏற்பாடு செய்யும் கடமையை முதலாளி மீது வைத்துள்ளது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் உள்ள தொழிலாளி அதை முதலாளியிடம் தெரிவித்தும் சரிசெய்யப்படாவிட்டால், அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. பட்டைக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையைச் சோதிக்காமல் தள்ளச் சொன்னால், ரம்பத்தின் முன் நிற்பவர் முதலில் மேற்பார்வையாளரிடம் சொல்லி, அந்தக் கட்டையைத் தனியே ஒதுக்கி வைக்கக் கேட்கலாம்.