ஜின்னுக்கு மணமூட்டும் மூலிகைகளும் நமது கறுவாவின் பெயரும்

மதுசாரம் பற்றி இப்பக்கத்தில் எழுதுவதா என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயம் உண்டு. முஸ்லிம்களுக்கு அது முற்றாக விலக்கப்பட்ட பொருள். தமிழ்க் குடும்பங்களில் அது வரவழைத்த கண்ணீரும் கொஞ்சமல்ல. எனினும், இங்கு நாம் பேச முனைவது போத்தலில் உள்ள பானத்தைப் பற்றியல்ல. அதற்கு மணமூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் தாவரப் பொருட்களைப் பற்றியே ஆகும். அவற்றின் பட்டியலை எடுத்து நோக்கினால், புறக்கோட்டை கபோஸ் லேனில் உள்ள மருந்துச் சரக்குக் கடையொன்றுக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டைப் போலவே தோன்றும். அந்தப் பட்டியலில் நமது கறுவா எந்தப் பெயரில் இடம்பெறுகின்றது என்பதில்தான் நமது கரிசனை.

ஜின் என்பது பெரும்பாலும் தானியத்திலிருந்து வடிக்கப்படும், தனக்கென மணம் எதுவுமற்ற மதுசாரத்துக்கு மூலிகைகளால் மணமூட்டிப் பெறப்படுவது. அவற்றுள் தலையாயது ஜுனிப்பர். அதன் ஒல்லாந்தப் பெயரான 'ஜெனீவர்' என்பதே சுருங்கி 'ஜின்' ஆயிற்று. பழம் என்று சொல்லப்பட்டாலும் ஜுனிப்பர் உண்மையில் பழமன்று. ஊசியிலைத் தாவரமொன்றின் சதைப்பற்றான கூம்பு. முதிர்வதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் எடுக்கும். யூனானி வைத்தியர்கள் இதனை 'அப்ஹல்' என்பர், ஆயுர்வேதத்தில் 'ஹபுஷா'. இமயமலைச் சாரலில் வளரும் இச்செடி இலங்கையில் இயற்கையாக வளர்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, ஜுனிப்பரின் மணம் மேலோங்கி நிற்காத எதனையும் ஜின் என்று விற்க முடியாது.

இரண்டாம் இடம் கொத்தமல்லிக்கு. வெள்ளவத்தைத் தொடர்மாடியிலோ கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலோ ஒருவருக்குத் தடிமன் பிடித்தால் முதலில் அடுப்பில் ஏறுவது மல்லியும் இஞ்சியும்தானே! சிங்கள அயலவர்களின் 'பஸ்பங்குவ' கசாயத்திலும் இவ்விரண்டும் உண்டு. மல்லி நமது சொந்தச் சரக்கு என்று நாம் எண்ணியிருந்தாலும், நாட்டுக்குத் தேவையான மல்லியில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்குவதே. அதன் எலுமிச்சைச் சாயலான மணத்துக்குக் காரணம் லினலூல் என்னும் எண்ணெய்க் கூறு. இவற்றுக்கு அடுத்து அஞ்செலிக்கா வேர், ஆண்டுக்கணக்கில் உலரவைத்த ஐரிஸ் கிழங்கு, தொண்டைக் கட்டுக்கு நாம் மெல்லும் அதிமதுரம், வால்மிளகு, ஏலம், எலுமிச்சை மற்றும் தோடம்பழத் தோல் எனப் பட்டியல் நீள்கின்றது.

இம்மூலிகைகளை மதுசாரத்தில் ஊறவைத்து வடிப்பது ஒரு முறை. எழும் ஆவியை மூலிகைக் கூடையினூடாகச் செலுத்துவது மற்றொரு முறை. எவ்வாறாயினும், ஆவியாகக் கூடிய கூறுகளே மறுபக்கம் சென்று சேரும். கசாயத்தில் நாவுக்கு இனிக்கும் அதிமதுரத்தின் கிளிசிரைசின் ஆவியாவதில்லை. ஆதலால் அந்த இனிப்பு கொதிகலனிலேயே தங்கிவிடும். வடிகலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே 'அல்-அன்பீக்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் அல்-கிந்தி, நறுமணப் பொருட்களை வடித்தெடுக்கும் முறைகள் பற்றித் தனி நூலே எழுதினார். கலியாண வீட்டு வாசலில் நம்மீது தெளிக்கப்படும் பன்னீர் இக்கலையின் விளைவே. மதுவுக்கென்று பிறந்த கலையன்று அது.

இனிக் கொழும்புக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பிய மூலிகைகள் இங்கு வந்து சேர்வது அரிதாயிற்று. அவ்வேளையில் 1924இல் தொடங்கப்பட்ட ரொக்லண்ட் வடிசாலையின் கார்ள் டி சில்வா விஜேரத்ன, கறுவாப்பட்டை, இஞ்சி, கறிவேப்பிலை என்னும் உள்ளூர்ப் பொருட்களைச் சேர்த்து ஜின் தயாரித்தார். கறிக்குத் தாளிக்கும் இலை வெள்ளைக்காரத் துரைமாரின் கிண்ணத்துக்குப் போனது இவ்வாறுதான். அந்தச் செய்முறையே பிற்காலத்தில் கொழும்பின் பெயரைத் தாங்கி மேற்கு நாட்டுச் சந்தைகளுக்கும் சென்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரத்தை இந்நாட்டில் தடை செய்கின்றது. இதற்கு மேல் அதுபற்றிச் சொல்வது நமது வேலையும் அன்று.

சொல்ல வேண்டியது கறுவாவைப் பற்றியே. கொழும்பு 7 இன்றும் கறுவாத்தோட்டம் என்றே அழைக்கப்படுகின்றது. காட்டுப் பட்டையை உரித்தெடுத்து வந்த ஒல்லாந்தக் கம்பனி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆளுநர் ஃபால்க்கின் காலத்தில், மருதானைப் பகுதியில் அதனைத் தோட்டப் பயிராக்கியது. ஆனால் உலகின் புகழ்பெற்ற ஜின்கள் பலவற்றில் சேர்க்கப்படுவது அந்தக் கறுவா அன்று. பம்பாயின் பெயரைச் சூடி 1980களில் சந்தைக்கு வந்த பொம்பே சஃபயரின் பத்து மூலிகைகளுள் இருப்பது 'கசியா'. சீனக் கறுவா எனப்படும் வேறொரு மரத்தின் தடித்த பட்டை அது. காரமும் மலிவும் அதன் பலம்.

இதில் நாம் வடிசாலைக்காரரைக் குறைகூற மாட்டோம். கசியாவைக் கசியா என்றும் கறுவாவைக் கறுவா என்றும் அவர்கள் பெயர் பிரித்தே சொல்கின்றனர். அந்த நேர்மை மளிகைத் தட்டில் இல்லை என்பதே குறை. அமெரிக்காவில் கசியாத் தூளை 'சினமன்' என்ற ஒரே பெயரில் விற்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. மாத்தறையிலும் காலியிலும் கைக்கத்தியால் பட்டை உரித்து, மெல்லிய சுருளை மேலும் சுருள்களால் நிரப்பி உலர்த்துகின்ற தொழிலாளியின் உழைப்பு, அதே பெயரில் மலிவாக விற்கப்படும் தூளுடன் போட்டியிட வேண்டியுள்ளது.

விலையோடு இது முடிவதுமில்லை. கசியாவில் கூமரின் என்னும் கூறு மிகுதி. இலங்கைக் கறுவாவில் அது இருந்தாலும் இம்மியளவே. கூமரின் அளவுக்கு மீறினால், எளிதிற் பாதிக்கப்படக்கூடிய சிலருக்கு ஈரல் பழுதடையும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை வகுத்த எல்லை. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் இரண்டு கிராம் கசியாத் தூள் உட்கொண்டாலே அந்த எல்லையை எட்டிவிடுவார் என்பது ஜேர்மனிய இடர்மதிப்பீட்டு நிறுவனத்தின் கணிப்பு. நீரிழிவுக்கு நல்லதென்று யாரோ சொல்லக் கேட்டு, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் காலைதோறும் ஒரு கரண்டி 'சினமன்' கலந்து குடிக்கும் நமது உறவினர்கள், எந்தப் பட்டையைக் குடிக்கின்றார்கள் என்று அறிந்திருப்பார்களா?

பட்டையாக வாங்கினால் கண்ணாலேயே இனம் காணலாம். இலங்கைக் கறுவா வெளிர் நிறமானது, சுருட்டைப் போலப் பல மெல்லிய அடுக்குகள் கொண்டது, கையால் நொறுக்கலாம். கசியா கடும் நிறமானது. ஒரே தடித்த பட்டை இருபுறமும் உட்சுருண்டிருக்கும். அதனை உடைக்க அம்மிக்குழவி வேண்டும். தூளாகிவிட்டால் கண் உதவாது. 2022 பெப்ரவரியில் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பை வழங்கியது. இலங்கைக்குக் கிடைத்த முதலாவது குறியீடு அதுவே. அங்குள்ள உறவினர்கள் கடைகளில் தேட வேண்டியது அந்தப் பெயரை, அல்லது 'சின்னமோமம் வேரம்' என்ற தாவரவியல் பெயரை. வெறுமனே 'சினமன்' என்று மட்டும் எழுதியிருந்தால், வெள்ளவத்தையிலிருந்து அடுத்த முறை பொதி அனுப்பும்போது ஒரு கட்டுக் கறுவாவையும் சேர்த்து அனுப்பிவிடுவது நல்லது.