ஆற்றுக்கு ஏது எல்லைக்கோடு?

மூன்று புறம் தமிழக மண், ஒரு புறம் கடல் — இடையே காரைக்கால்! கும்பகோணம் வழியே ஓடிவரும் அரசலாறு இங்கேதான் கடலில் கலக்கிறது. மேலே தூர்வாரிக் கீழே விட்டுவிட்டால்? வெள்ளம் வயலில் நிற்கும். நட்ட நாற்று அழுகும். உழவனைக் கேளுங்கள், சொல்வான்! ஆகவே நாகை, மயிலாடுதுறை ஊராட்சிகளும் காரைக்காலின் ஐந்து கொம்யூன்களும் கூடியமர்ந்து ஒரே வடிகால் திட்டம் தீட்டவேண்டும் என்கிறோம்.

அமர ஆள் வேண்டாமா? புதுவை மாநிலத்தில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006-ல்தான் நடந்தது. 38 ஆண்டு உறக்கம்! 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் நின்றுபோயிற்று. எல்லைக்கு அப்பாலோ, 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 சனவரியில் முடிந்து, தனி அலுவலர் வந்தமர்ந்தார். மாவட்டத் திட்டக்குழுவில் ஐந்தில் நான்கு பங்கினர் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களிலிருந்தே வரவேண்டும் என்கிறது அரசியல் சட்டம். அதிகாரியும் அதிகாரியும் கோப்பு மாற்றிக்கொள்ளலாம். சேற்றில் நிற்பவன் யாரிடம் போய் முறையிடுவான், தோழர்களே?