தானாக மாறும் கியர் – 9: திமிங்கிலம் செய்த வேலை

டார்க் கன்வெர்ட்டர் எண்ணெயைச் சுழற்றியே எஞ்சினின் விசையைக் கடத்துகிறது என்பது சென்ற வாரக் கதை. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்ட வேண்டியதில்லை. இந்த வாரம் ஆயில் பேனைக் கழற்றி ஃபில்டரைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்தாக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் வண்டி, கியர்பாக்ஸ் ஆயிலை ஒருமுறைகூட மாற்றியதில்லை. இப்போது மாற்றலாமா? “தொடாதீங்க, மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்” என்று எச்சரிக்கும் மெக்கானிக்குகள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதற்குக் காட்டும் காரணம் தவறு என்பது என் வாதம். கியர் ஒழுங்காக விழும் பழைய வண்டிக்கு ஆயிலை மாற்றத்தான் வேண்டும்.

இந்த ஆயிலை மற்ற ஆயில்களோடு சேர்த்து நினைப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. எஞ்சின் ஆயிலின் முதல் வேலை உராய்வைக் குறைப்பது. ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலோ ஒரே நேரத்தில் இரண்டு எதிர்வேலைகளைச் செய்கிறது: பல்சக்கரங்களும் பேரிங்குகளும் வழுக்க வேண்டும், அதே ஆயிலில் ஊறிக் கிடக்கும் கிளட்ச் பிளேட்டுகள் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிப்பும் ஓர் அளவோடு இருக்க வேண்டும். இரண்டு பிளேட்டுகளின் வேகமும் நெருங்க நெருங்க உராய்வு கூடிக்கொண்டே போனால், வண்டி கடைசி நொடியில் உதறும். உராய்வு மெல்லத் தணிந்தால் கியர் விழுந்ததே தெரியாது. இதைச் சாதிப்பவை ஆயிலில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் உராய்வு மாற்றிகள். ஒரு முனையால் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, நீண்ட வாலை வெளியே நீட்டி நிற்கும் மூலக்கூறுகள் அவை.

இந்த வாரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட செய்தி இங்கேதான் வருகிறது. அமெரிக்க கார்களின் கியர்பாக்ஸில் பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தது திமிங்கிலம். ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வந்தது. பெருமளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அதுதான். அந்த நிறுவனம் 1949இல் ‘டைப் ஏ’ என்றும், 1967இல் ‘டெக்ஸ்ரான்’ என்றும் இந்த ஆயிலுக்குத் தர விதிகளை வகுத்தது. அந்தக் காலத்து ஆயில்களில் உராய்வு மாற்றியாகச் சேர்ந்தது எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய். நம் செய்தித்தாள்களில் கடத்தல் செய்தியாக அடிக்கடி வரும் அம்பர்கிரிஸ் எந்தத் திமிங்கிலத்தினுடையதோ, அதே திமிங்கிலம். அதன் எண்ணெய் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற கொழுப்பு அல்ல. பெரும்பகுதி திரவ மெழுகு. அதன் தலையில் இருக்கும் எண்ணெயைக் குளிரவைத்துப் பிரித்தெடுத்த மெழுகில் செய்த மெழுகுவர்த்தி அத்தனை சீராக எரிந்ததால், 1860இல் பிரிட்டன் வெளிச்சத்தை அளக்கும் அலகையே அதைக்கொண்டு சட்டத்தில் வரையறுத்தது. அப்படிப்பட்ட பொருள், சூட்டில் லேசில் சிதையாமல் உலோகத்தில் படிந்து நின்றது. 1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது, இறக்குமதிக்கும் தடை வந்தது. அமெரிக்க, மெக்சிகோ பாலைவனங்களில் வளரும் ஹொஹோபா என்ற புதரின் விதையிலும் இதேபோன்ற திரவ மெழுகு இருப்பது அப்போதுதான் பெரிதாகப் பேசப்பட்டது.

தடைக்குப் பிறகு நடந்தது நம் கேள்விக்கு நேரடியான சாட்சி. திமிங்கில எண்ணெய் இல்லாமல் வந்த முதல் டெக்ஸ்ரான்-II, ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரின் உலோக இணைப்புகளை அரித்தது. கூலர் ஓட்டையானால் கூலன்ட் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போகும். கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலம் அந்தத் தண்ணீரைத் தாங்காது. அரிப்பைத் தடுக்கும் பொருளைச் சேர்த்துத் திருத்திய ஆயிலைப் பிறகு கொண்டுவந்தார்கள். ஆக, பெயரளவில் அதே சிவப்பு ஆயில். சிறு அளவில் கலந்த பொருள்கள் மாறியதும் கியர்பாக்ஸின் ஆயுளே மாறியது. சூட்டில் முதலில் தீர்ந்துபோவதும் அந்தச் சிறு பொருள்கள்தான். பத்து டிகிரி சூடு ஏறினால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. கோடை வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகரும் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் ஓயாமல் வழுக்கி, அந்தச் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று சில கையேடுகள் சொல்வதை இதோடு வைத்துப் படிக்க வேண்டும். அங்கே சொல்லப்படும் ஆயுள், வண்டியை இருபது வருடம் வைத்திருக்க நினைப்பவரின் கணக்கில் அடங்காது.

அப்படியானால் மாற்றிய பிறகு கியர்பாக்ஸ் போனதாகச் சொல்லப்படும் வண்டிகள்? பெரும்பாலும் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் சொந்தக்காரருக்கு ஆயிலின் நினைவே வருகிறது. தேய்ந்து முடிந்த பிளேட்டுக்குப் புது ஆயில் மருந்தாகாது. அது எப்படியும் போயிருக்கும், பழி மட்டும் கடைசியாகத் தொட்ட கையின் மேல் விழுகிறது. பிளேட்டிலிருந்து உதிர்ந்த தூள்தான் பழைய ஆயிலில் மிதந்து பிடிப்புத் தருகிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு. அதில் ஒரு துளி உண்மையை ஒப்புக்கொள்கிறேன்: புது ஆயிலின் உராய்வு மாற்றிகள் நிலைப்பிடிப்பைச் சற்றே குறைக்கும், ஏற்கெனவே எல்லையில் நிற்கும் பிளேட் அதில் தவறலாம். ஆனால் அதே தூள்தான் வால்வு பாடியின் நூல் போன்ற வழிகளையும் சோலினாய்டுகளையும் அடைக்கிறது. தூளை நம்பி ஓடும் வண்டிக்கு இருக்கும் நாள் கொஞ்சம்தான். கியர் நன்றாக விழும் வண்டிக்கு அந்தப் பயத்தைச் சொல்லி ஆயிலை மறுப்பது, அதையும் அதே நிலைக்குத் தள்ளும்.

டிரெயின் பிளக்கைக் கழற்றினால் பாதிகூட வராதே, கன்வெர்ட்டரில் பழையது அப்படியே நிற்குமே என்பது அடுத்த ஆட்சேபம். பழைய வண்டிக்கு அதுவே நல்லது என்கிறேன். எட்டு லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் ஒரு தடவைக்கு 3.2 லிட்டர் வடிகிறது என்று வையுங்கள். முதல் தடவைக்குப் பிறகு பழையது 60 சதவீதம், இரண்டாவதில் 36, மூன்றாவதில் 22. நடுநடுவே சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இப்படி மாற்றினால் பிளேட்டுகளுக்கு மாற்றம் ஒரே நாளில் வந்து இறங்காது. இரண்டாவது தடவைக்குப் பிறகு கியர் விழுவதில் வித்தியாசம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி யோசிக்கவும் வழி இருக்கிறது.

ஊற்றும் ஆயில் கையேட்டில் உள்ளதாகவே இருக்க வேண்டும். டொயோட்டாவில் டி-IV கேட்கும் பழைய கியர்பாக்ஸுக்கு, அதைவிட நீர்த்த டபிள்யூஎஸ் ஆகாது. ஹூண்டாயின் பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குகள் கேட்பது எஸ்பி-III. சிவிடி வண்டிக்கு அதற்கென்றே தனி ஆயில் உண்டு. 2014இல் செலெரியோவோடு நம் சாலைக்கு வந்த ஏஎம்டி வகைக்கு இந்த வாரம் சொன்ன எதுவும் பொருந்தாது. அதற்குள் இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். மெஷின் வைத்து முழு ஆயிலையும் ஒரே மூச்சில் மாற்றும் ஃபிளஷ் முறை பழைய வண்டிக்கு ஏற்றதா என்பது, பேனில் படிந்த கசடையும் காந்தத்தில் ஒட்டிய தூளையும் பார்க்காமல் பேசக்கூடிய விஷயமல்ல. ஃபில்டரோடு சேர்த்து அதை அடுத்த வாரம் கழற்றுவோம்.