அனிமேஷன் படங்களில் பாட்டைத் தீர்மானிப்பது யார்?

வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் தைக்கப்படும் ஷூக்களில் பெரும்பகுதி வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரைத் தாங்கியே கடல் கடக்கிறது. எந்தத் தோல், எந்த அச்சு, எந்த நிறம் என்பதைப் பெயருக்கு உரியவர் தீர்மானிக்கிறார். நாம் தைத்துக் கொடுக்கிறோம். அணைக்கட்டில் வசிக்கும் எனக்கு அனிமேஷன் திரைப்படங்களின் பொருளாதாரமும் ஏறத்தாழ இப்படித்தான் தோன்றுகிறது. அங்கே இதை மிகத் தெளிவாகக் காட்டுவது பாட்டு.

நடிகர்கள் நடிக்கும் படத்தில் ஒரு பாட்டைக் கடைசி நேரத்தில் சேர்க்கலாம், நீக்கலாம். அனிமேஷனில் அது எளிதன்று. குரலும் பாட்டும் பெரும்பாலும் முதலிலேயே பதிவாகின்றன. உதடசைவும் நடன அசைவும் அதற்கேற்ப நொடிக்கு 24 சட்டகங்களாக உருவாகின்றன. ஆகவே பாட்டு வேண்டுமா, யார் பாடுவது என்பவை பெருஞ்செலவு தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகின்றன. அந்த நேரத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் முதலீட்டாளரும் உரிமையாளருமே.

1991-இல் டிஸ்னியும் பிக்சாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, முதலீடும் விநியோகமும் டிஸ்னியுடையவை. படமும் பாத்திரங்களும் அதற்கே சொந்தம். இசைநாடகப் பாணியில் வென்றுகொண்டிருந்த டிஸ்னி, 'டாய் ஸ்டோரி'யிலும் பாத்திரங்கள் பாட வேண்டும் என விரும்பியது. பிக்சார் குழு இணங்கவில்லை. இறுதியில், 1995-இல் வெளியான அப்படத்தில் ராண்டி நியூமனின் பாடல்கள் பாத்திரங்களின் வாயில் அல்லாமல் பின்னணியில் ஒலித்தன. எளிய கூலிக்காரராக இருந்திருந்தால் பிக்சாரால் மறுத்திருக்க முடியாது. டிஸ்னியிடம் இல்லாத கணினித் தொழில்நுட்பம் அதனிடம் இருந்தது. வெற்றிக்குப் பின் 1997-இல் செலவும் இலாபமும் சரிபாதி என ஒப்பந்தம் மாறியது.

நம் நாட்டிலும் கூட்டணி மாறும்போது பாட்டு மாறியதைக் காணலாம். ஜப்பானின் யூகோ சாகோவும் இந்தியாவின் ராம் மோகனும் இணைந்து உருவாக்கிய ராமாயணப் படத்தின் ஆங்கிலப் பதிப்பில், வன்ராஜ் பாட்டியாவின் இசையில் சமஸ்கிருதப் பாடல்கள் இடம்பெற்றன. 2008-இல் டிஸ்னியுடன் யஷ் ராஜ் நிறுவனம் இணைந்த 'ரோட்சைடு ரோமியோ'வில், சலீம்-சுலைமான் இசையில் நாய்கள் மும்பைத் திரைப்படப் பாணியில் ஆடின. 2014-இல் வந்த 'கோச்சடையான்', ரஜினிகாந்தின் சந்தையை நம்பிய முதலீடு. ஆகவே ரஹ்மான், வைரமுத்து கூட்டணியில் ஒரு நட்சத்திரப் படத்துக்குரிய பாட்டு வரிசையே அதிலும் அமைந்தது.

கூலி வேலை இழிவானதன்று. எங்கள் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் அதனால் நிமிர்ந்தன. ஆனால் முடிவெடுக்கும் இடம் தொலைவில் இருந்தால், அங்கே விழும் அடி இங்கே வலிக்கும். டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் சரிந்தபோது, நிறுவனத்தின் கடனுக்குச் சற்றும் பொறுப்பில்லாத பெங்களூருக் கலைஞர்கள் பெருந்திரளாக வேலையிழந்தனர். அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த 'மஹாவதார் நரசிம்மா' வேறொரு வழியைக் காட்டியது. க்ளீம் புரொடக்‌ஷன்ஸ் உருவாக்கி, ஹோம்பாலே ஃபிலிம்ஸ் வழங்கிய அப்படத்துக்குச் சாம் சி.எஸ். இசையமைத்தார். இந்திய அனிமேஷன் படங்களின் முந்தைய வசூல்களையெல்லாம் அது கடந்தது.

1970-களில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. அதன் பிறகே முழுதும் பதனிட்ட தோலையும் காலணியையும் நோக்கி இத்தொழில் வேகமாக நகர்ந்தது. அனிமேஷன் துறைக்குத் தடை தேவையில்லை. ஆனால் அதே கேள்வி தேவை. இத்துறையை ஊக்குவிக்கப் பணிக்குழு அமைக்கப்படும் என 2022-23 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. எத்தனை இருக்கைகள், எத்தனை வேலைகள் என்று மட்டும் அரசுகள் எண்ணினால் போதாது. கதை எழுதும், பாட்டைப் பதிவுசெய்யும் தொடக்க நிலைக்கு நிதி அளிக்க வேண்டும். உதவி பெறும் நிறுவனம் படத்தின் உரிமையில் ஒரு பங்கையாவது தன்னிடம் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க வேண்டும்.

இங்கிருந்து அனிமேஷன் படிக்கச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் பிள்ளைகள், பிறர் முடிவுசெய்த பாட்டுக்கு உதடசைப்பதோடு நின்றுவிடக் கூடாது.