ஓலையும் ஒப்பும்: மின்கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்த்தல்

சிராங்கூன் சாலைக் கடையொன்றில் அச்சுநூல் வாங்குவோர் பதிப்பகத்தின் பெயரையும் பதிப்பாண்டையும் கண்டு அதனை நம்புகின்றனர். அந்நூலே மின்கோப்பாக வந்து சேரும்போது நம்பிக்கைக்கு எது ஆதாரம்? 2015ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் பொன்விழாவையொட்டி இந்நாட்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் பல மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலக வாரியத்தின் தொகுப்பில் சேர்ந்தன. இத்தகைய நூலின் படியொன்று பல கைகள் மாறி மாணவரை அடையும்போது இடையில் ஒரு சொல் மாறியிருப்பினும் கண்ணுக்குப் புலப்படாது. அம்மாற்றத்தைக் காட்டிக் கொடுப்பது மின்னொப்பம். 1998ஆம் ஆண்டிலேயே மின்பரிவர்த்தனைச் சட்டம் இயற்றி அதற்குச் சட்டத்தகுதி அளித்த நாடு சிங்கப்பூர்.

ஒப்பினைச் சரிபார்க்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. பெரியபுராணத்தில் வரும் சுந்தரர் வழக்கை நினைவுகூர்வோம். அடிமையோலை ஒன்றைக் காட்டி முதியவர் ஒருவர் உரிமை கோருகிறார். நம்பியாரூரர் அதனைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியே என்று கூறி, முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூலவோலையைக் காட்டுகிறார். அவையோர் அதனைப் பார்த்த அளவில் ஏற்கவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிக் காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பு நோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர். ஓலையைக் கொணர்ந்தவரிடமிருந்தே சான்றையும் பெறாமல் தனியிடத்திலிருந்து பெற்றமையே இங்கு நாம் கருதத்தக்கது.

இனி மின்னொப்பத்தின் இயக்கத்தைக் காண்போம். வெளியிடுபவரிடம் இரு சாவிகள் உள்ளன. ஒன்று அவர் மட்டுமே வைத்திருக்கும் மறைச்சாவி. மற்றொன்று எவருக்கும் வழங்கத்தக்க பொதுச்சாவி. கோப்பு முழுவதையும் கணினி ஒரு சுருக்க எண்ணாக மாற்றுகிறது. ஓரெழுத்து மாறினும் இவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும். மறைச்சாவியால் இவ்வெண்ணுக்கு இடப்படும் ஒப்பு, தனிச் சிறுகோப்பாகக் கிடைக்கும். பொதுச்சாவி உடைய எவரும் அதனைச் சோதிக்கலாம்.

இதற்கு 1999இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ஜிஎன்யூபிஜி என்னும் கட்டற்ற மென்பொருள் பயன்படுகிறது. கட்டளைவரியில் ‘ஜிபிஜி’ என்னும் மூன்றெழுத்துப் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு, இடைவெளி விட்டு, இரு சிறுகோடுகளுடன் உரிய கட்டளைச் சொல்லைச் சேர்க்க வேண்டும். ‘இம்போர்ட்’ பொதுச்சாவியை ஏற்கும். ‘ஃபிங்கர்பிரின்ட்’ அச்சாவியின் கைரேகையை, பெரும்பாலும் நாற்பது குறிகளாக, காட்டும். ‘வெரிஃபை’ என்பதை அடுத்து ஒப்புக்கோப்பின் பெயரையும் நூற்கோப்பின் பெயரையும் இவ்வரிசையில் இட்டால் சோதனை நிகழும்.

‘நல்ல கையொப்பம்’ என்னும் பொருள்பட விடை வந்தவுடன் பலர் நிறைவடைந்து விடுகின்றனர். அவ்விடை உணர்த்துவது ஒன்றே: இச்சாவிக்கு இணையான மறைச்சாவி இக்கோப்புக்கு ஒப்பிட்டுள்ளது; அதன்பின் கோப்பு மாறவில்லை. சாவி யாருடையது என்பதை அது உணர்த்தாது. எவரும் எப்பெயரிலும் சாவி உருவாக்கலாம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் அமைப்பின் இணையதளத்துக்குள் ஊடுருவியோர், பதிவிறக்க இணைப்பைத் தீங்கு கலந்த கோப்புக்குத் திருப்பிவிட்டனர். தளமே பிறர் கைப்பட்டபோது, அதே தளத்திலிருந்து பெறும் சாவியும் ஐயத்துக்கு உரியதே. ஆகவே கைரேகைக் குறிகளை அச்சுநூலிலோ நேரிலோ நம்பத்தக்க வேறு வழியிலோ பெற்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். வெண்ணெய்நல்லூர் அவையோர் செய்தது இதுவே.

தமிழ்க் கோப்புகளுக்கு உரிய நுட்பம் ஒன்றும் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தை யூனிகோடு முறையில் இருவகையாகப் பதியலாம்: ககரத்துடன் ஒகரக்குறியை ஒரே குறியீடாக இடலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் இடலாம். யூடிஎஃப்-8 முறையில் முன்னது 6 பைட்டு. பின்னது 9 பைட்டு. திரையில் வேறுபாடு தோன்றாது. மென்பொருள் ஒன்று சேமிக்கும்போது ஒருவகையை மற்றொன்றாக மாற்றிவிட்டால், எவரும் திருத்தாத நூலுக்கும் ‘பிழையான கையொப்பம்’ என்றே விடை வரும். ஒப்பு காப்பது நாம் வாசிக்கும் எழுத்தையன்று, கணினி எண்ணும் பைட்டு வரிசையை. ஆதலின் கோப்பைத் திருத்தியில் திறந்து சேமிக்கும் முன்னரே சோதித்தல் வேண்டும். மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, படியெடுத்ததில் பணிபுரிதல் வேண்டும். விடை பிழையெனின், அக்கோப்பைப் பயன்படுத்தாமல் மீண்டும் மூலத்திலிருந்து பெறுதலே முறை.

ஒப்பு சரியாயினும் நூலின் அச்சுப்பிழை பிழையே. தவறான பாடம் தவறே. மூலம் இதுவென உறுதிசெய்வது கணினியின் பணி. அம்மூலம் சரியா என ஆராய்வது நம் பணி. மின்நூலை மேற்கோளாகக் காட்டும் மாணவர், ஒப்பு வழங்கப்பட்டிருப்பின் அதனைச் சோதித்த நாளையும் சாவியின் கைரேகையையும் குறித்து வைத்தால், பின்வரும் ஆய்வாளர் அதே பாடத்தை ஐயமின்றி அடைவர்.